மூட்டை விளையாட்டு ஓடிய வேகம்

இந்த வாரம் எழுத வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எங்காவது போய்விடுவேன்.

1. ஆவணியில் ஒரு காலை, என் அண்ணன் செல்வத்தின் இடது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. குனிந்து பார்த்தான். எடுக்க முடியவில்லை.

2. குடவாசலில் ஒரு டாக்டர், அங்கிருந்து தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி. பக்கவாதம் என்றார்கள். அவனுக்கு வயது முப்பத்தாறு.

3. பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சில் பழுது இல்லை. காலை இழுத்து இழுத்து நடந்தான். இடது கை மட்டும் திரும்பி வரவில்லை.

4. நான் சென்னையிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை. எங்கிருந்தும் செய்யலாம் என்று சொல்வார்கள்.

5. பிசியோதெரபி மேடம் பதினான்கு பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார். அண்ணன் ஒன்றையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

6. ஒருநாள் அவனாகவே, "அந்த மூட்டை கேம் இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

7. அதை ஓட வைக்க எனக்கு இருபத்து மூன்று நாள் ஆயிற்று.

8. ஓடியதைப் பார்த்துவிட்டு, "இது அது இல்ல" என்றான்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு எண் போட வரவில்லை.

துணிக் கிளிப்

ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறேன்.

காலை பதினொரு மணி. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன். எதிரே ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் பன்னிரண்டு துணிக் கிளிப்புகள். பக்கத்தில் காலி டப்பா. கிளிப்பை இடது கையால் எடுத்து டப்பாவில் போட வேண்டும். பட்டியலில் அது எட்டாவது பயிற்சி.

ஒரு நீலக் கிளிப்பை எடுத்தான். டப்பாவுக்கு மேலே கொண்டுபோனான். கை அங்கேயே நின்றது. விரல்கள் திறக்கவில்லை.

"போடுண்ணே."

"போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கிளிப் அப்படியே இருந்தது. கடைசியில் வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான், சாணியில் ஒட்டிய வைக்கோலைப் பிரிக்கிற மாதிரி. கிளிப் விழுந்தது. அடுத்த நொடி தட்டும் விழுந்தது. அது வலது கை வேலை.

அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "கிளிப்பு பொறுக்குறதுக்கு ஒரு ஆளு, சிந்துறதுக்கு ஒரு ஆளு. நல்லா இருக்கு."

"தையில நான் வண்டி ஏறணும் மலரு. இந்தக் கிளிப்ப வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

"கிளிப்பையே விட முடியல. வண்டி ஏறப் போறாராம்."

வண்டி என்று அவன் சொல்வது நெல் அறுவடை மெஷின். பதினோரு வருடமாக அதை ஓட்டுகிறான். மெஷின் நீடாமங்கலத்துக்காரர் ஒருவருடையது. ஆனால் அறுவடை இல்லாத மாதங்களில் அது நிற்பது எங்கள் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில்தான். சாவி தொங்குவது எங்கள் வீட்டு ஆணியில்.

அந்த மெஷினில் வலது கை திருப்புவதற்கும், கத்தியை ஏற்றி இறக்குவதற்கும். முன்னே போவதும் நிற்பதும் இடது கை லீவர். தள்ளியதை நேரத்துக்குப் பின்னால் இழுத்து விடாவிட்டால் வண்டி வரப்பைத் தாண்டி வாய்க்காலில் இறங்கிவிடும்.

பிசியோ மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். "பிடிக்கறது சீக்கிரம் வந்துரும் சார். விடறதுதான் லேட்டா வரும். நாம பழக்க வேண்டியது அதைத்தான். முதல் ஆறு மாசத்த வீணாக்கிடாதீங்க. கிளிப் புடிக்கலன்னா அவருக்குப் புடிச்ச வேற எதையாவது குடுங்க."

ஆவணியிலிருந்து எண்ணினால் ஆறு மாதம் தையில் முடிகிறது. சம்பா அறுவடையும் தையில்தான்.

இன்ஸ்டிடியூட்டில் கிடைத்த பெட்டி

அவனுக்குப் பிடித்த அந்த வேறு எதையோ பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் இருபது வருடத்துக்கும் மேலாகப் பின்னால் போக வேண்டும்.

குடவாசலில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. அதை நடத்திய சார் மூடிவிட்டு வெளியூர் கிளம்பியபோது, லாரியில் சாமான் ஏற்றும் வேலைக்கு அப்பா போயிருந்தார். அப்பா அப்போது அடுத்தவர் வயலில் வேலை செய்துகொண்டிருந்தார். வயலில் வேலை இல்லாத நாளில் இப்படி எதற்காவது கூப்பிடுவார்கள். எல்லாம் ஏற்றி முடித்தும் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் மிஞ்சியது. "இதைத் தூக்கிட்டுப் போயி நான் என்ன பண்ணப் போறேன். புள்ளைங்க படிக்குதுல்ல, நீங்க எடுத்துக்கங்க" என்றாராம் சார்.

மானிட்டரைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார் அப்பா. பெட்டிக்கு இன்னொரு நடை. எங்கள் தெருவில் வந்த முதல் கம்ப்யூட்டர் அது. தெருவே வந்து பார்த்தது.

"டிவியாண்ணே?"

"கம்ப்யூட்டரு."

"சேனல் வராதா?"

"வராது."

"அப்பறம் என்னாத்துக்கு?"

அப்பா "படிக்கிறதுக்கு" என்றார். நாங்கள் படிக்கவில்லை. விளையாடினோம்.

கூட வந்த ஃப்ளாப்பிகளில் ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. ஆங்கிலத்தில் ஏதோ பெயர், எங்கள் வாயில் நுழையவில்லை. கறுப்புத் திரை. மேலே ஒரு கிரேன். பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் கிரேன் பெட்டியைக் கவ்வும். விட்டால் கீழே போடும். கீழே ஒரு லாரி நகர்ந்துகொண்டே இருக்கும், அதை அம்புக்குறி பட்டன்களால் பெட்டிக்கு நேரே இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்று பெட்டி தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

பெட்டி என்று இப்போது எழுதுகிறேன். எங்களுக்கு அது நெல் மூட்டை. லாரியில் ஏற்றுகிற பொருள் என்று நாங்கள் பார்த்திருந்தது கொள்முதல் நிலையத்து மூட்டைகளை மட்டும்தான்.

ஒரே கீபோர்டில் இரண்டு பேர். எனக்கு லாரி, வலது பக்கம். அண்ணனுக்குக் கிரேன், இடது பக்கம். வலது கையை நீட்டினால் என் மேல் இடிக்கும் என்பதால் கிரேனை அவன் இடது கையால் ஓட்டினான். வலது கைக்கு வேர்க்கடலை. அந்த வயதில் அவன் இடது கை விருப்பத்தோடு செய்த வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் அந்த கேமைக் கேட்டிருப்பான். காரணம் தெரிந்தே கேட்டானா என்று நான் கேட்கவில்லை.

ஓட மறுத்தவை

அம்மாவின் டிரங்குப் பெட்டியில், அந்துருண்டைகளுக்கு நடுவே, ஐந்து ஃப்ளாப்பிகள் கிடைத்தன. கம்ப்யூட்டர் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. எங்கள் ஊர் ஈரத்தில் ஃப்ளாப்பித் தட்டிலேயே பூஞ்சை பூத்திருந்தது. யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றைச் சென்னையிலிருந்து தோழி கொரியரில் அனுப்பினாள். மூன்று ஃப்ளாப்பிகள் அறவே படிக்கவில்லை. நான்காவதில் ஒன்றும் இல்லை. பஞ்சால் துடைத்துத் துடைத்து ஐந்தாவதை ஏழு தடவை போட்டேன். ஏழாவது தடவை படித்தது.

என் ஆபீஸ் லேப்டாப்பில் அதைத் திறந்தேன். இந்தக் கணினியில் இது இயங்காது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. அதில் தவறில்லை. விளையாட்டு விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. இன்றைய விண்டோஸுக்கு அந்த பாஷை மறந்து போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

அண்ணியின் பழைய லேப்டாப் ஒன்று, பேட்டரி செத்துப் போய், பீரோ மேல் கிடந்தது. இலவசமாகக் கிடைக்கும் டாஸ் ஒன்றை பென்டிரைவிலிருந்து அதில் நேரடியாக ஏற்றினேன். கறுப்புத் திரை, மினுக்கும் கோடு. விளையாட்டின் பெயரைத் தட்டினேன். திரை ஒரு தடவை வெட்டியது. ஆட்டம் முடிந்தது, மதிப்பெண் பூஜ்யம் என்றது.

மறுபடி தட்டினேன். மறுபடி பூஜ்யம். மூன்று மூட்டையும் விழுவதற்கு ஒரு இமைப்பொழுதுகூட ஆகவில்லை. அந்த விளையாட்டுக்குள் கடிகாரம் கிடையாது. மெஷின் எவ்வளவு வேகமாக எண்ணுகிறதோ அவ்வளவு வேகமாக மூட்டை விழும். இன்றைய மெஷின் எண்ணும் வேகத்தில் மனிதனுக்கு அங்கே வேலையே இல்லை.

மூன்றாவது வழி, அதே லேப்டாப்பில் லினக்ஸ். அதன் மேல் பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கிற ஒரு எமுலேட்டர். அதில் வேகத்தை நாமே வைக்கலாம். பழைய பெட்டியின் முன்னால் 66 என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த வேகத்தை வைத்தேன்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் எழுதுகிறேன். நடந்தபோது அப்படி இல்லை. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்காகக் காரில் தஞ்சாவூர் போய்வர வேண்டும். மழை பிடித்துக்கொண்ட மாதம். மூடிய காருக்குள் ஈரத் துணி வாடை. மீதி நாட்களில் ஆபீஸ் மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவே, சாப்பிடும் அரைமணி நேரத்தில், ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் இந்த வேலை. எதையாவது சரிசெய்ய முடிந்தால் போதும் என்ற நிலையில் இருந்தேன். அண்ணன் கையைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது. இது தெரியும்.

இருபத்து மூன்றாம் நாள் ஓடியது. சத்தத்தோடு ஓடியது. தஞ்சாவூர் கடையில் தேடிப் பிடித்த பழைய தடிமனான கீபோர்டை மாட்டி அண்ணனைக் கூப்பிட்டேன்.

உட்கார்ந்தான். இடது கையைத் தூக்கி வைத்தான். மூட்டை வந்தது. கவ்வினான். விடுவதற்குள் லாரி போய்விட்டது. மூன்றும் தரையில். மறுபடி மூன்றும் தரையில்.

"இது அது இல்ல."

"அதே ஃபைல்ண்ணே. ஒரு எழுத்துகூட மாறல."

"ஃபைல் என்னமோ. மூட்டை இப்புடி விழாது. மெதுவா, ஆடி ஆடி வரும்."

"அப்ப இருந்த வேகத்ததான் வச்சிருக்கேன். உன் கைதான் மெதுவாயிருச்சு."

சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது. அவன் இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எழுந்து கொல்லைப்பக்கம் போனான். அதற்குப் பிறகு ஒரு வாரம் கிளிப், பந்து, கீபோர்டு எதையும் தொடவில்லை. தஞ்சாவூருக்கும் வர மாட்டேன் என்றான்.

நாலு கேள்வி

என் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. பயன்படுத்துகிறவர் தப்பு என்று சொன்னால், அவரைக் குறை சொல்வதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். நான் பார்க்கவில்லை. முதலில் அண்ணனைத்தான் குறை சொன்னேன்.

நோட்டில் நாலு கேள்வி எழுதினேன். அந்தக் கம்ப்யூட்டர் எங்கே இருந்தது? எப்போது போடுவோம்? எப்படிச் சத்தம் வரும்? அதைப் பற்றி வேறு ஏதாவது நினைவிருக்கிறதா? வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்டேன்.

அம்மா: "தூசி படாம என் பழைய சேலைய மேல போட்டு மூடி வப்பேன். வேற என்னா தெரியும் எனக்கு."

அண்ணி: "நான் அப்ப இந்த வீட்டுக்கே வரல. என்னை ஏன் கேக்குற? ஒங்க அண்ணன் மூட்டைய போட்டதும் தெரியாது, நீ லாரி ஓட்டுனதும் தெரியாது."

அப்பா வாய்க்கால் மடையில் மண்வெட்டியோடு நின்றார். இப்போது அவர் வெட்டுவது சொந்த வயலுக்கு. மழை விட்ட மத்தியானம். மூன்று கேள்விக்குத் தெரியாது என்று தலையை ஆட்டினார். நாலாவதுக்கு மண்வெட்டியை ஊன்றினார்.

"கரண்டுக்குத்தான் பயந்துக்கிட்டே இருப்பேன்."

"எதுக்குப்பா?"

"வயலுக்கு த்ரீ பேஸ் கரண்டு வுட்டா ஊர்ல அத்தன மோட்டரும் ஓடுமுல்ல. நம்ம வூட்ல டியூப்லைட்டு அழுதுக்கிட்டே எரியும். ஸ்டெபிலைசரு டக்கு டக்குன்னு அடிக்கும். நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் வுட்டு வந்து போடுறதும் அந்த நேரந்தான். அதான் அந்தப் பட்டனுக்கு டேப்பு ஒட்டுனேன்."

"எந்தப் பட்டன்?"

"முன்னாடி இருக்குமே, டர்போன்னு. அத அமுக்குனா கரண்டு நெறைய இழுக்கும்னு யாரோ சொன்னாங்க. நானே நெனச்சனோ என்னமோ. யாரும் அமுக்கிரக் கூடாதுன்னு கறுப்பு டேப்ப ஒட்டிப்புட்டேன்."

டேப் எனக்கு நினைவிருந்தது. உடைந்த பட்டனை மறைக்க ஒட்டியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அந்தப் பட்டனுக்கும் டியூப்லைட் அழுவதற்கும் சம்பந்தமே கிடையாது. அது வேகத்துக்கான பட்டன். அழுத்தினால் 66. அழுத்தாவிட்டால் பாதி. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பெட்டியின் முன்னால் பச்சை வெளிச்சத்தில் இரண்டு எண்கள் எரியும். பஸ்ஸுக்கு நம்பர் இருப்பதுபோல் அது எங்கள் கம்ப்யூட்டரின் நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நம்பர் 33.

எங்கள் வீட்டில் இருந்த வருடங்களில் அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள்கூட முழு வேகத்தில் ஓடியதில்லை. ஊர் மோட்டார்களுக்குப் பயந்து, பாதி வேகத்திலேயே இருந்துவிட்டுப் போனது. நான் வைத்தது ஸ்டிக்கரில் இருந்த வேகம். அண்ணன் கேட்டது வீட்டில் இருந்த வேகம்.

அவன் கை மெதுவாகத்தான் ஆகியிருந்தது. ஆனாலும் அவன் சொன்னது சரி.

"தப்பா பண்ணிட்டனா?" என்றார் அப்பா.

"இல்லப்பா" என்றேன்.

பாதி வேகம்

வீட்டுக்கு வந்து வேகத்தை முப்பத்து மூன்றுக்குக் குறைத்தேன். ஒரு வரி மாற்றம். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நீயே ஆடிக்க, எஞ்சினியரே" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது.

சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு நானே ஆடினேன். ஒரு கையில் கிரேன், ஒரு கையில் லாரி. மூட்டை லாரியில் விழும்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். தரையில் விழுந்தால் 'பொத்'. ஆறேழு டொய்ங் ஆன பிறகு கொல்லை வாசலில் காலை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப என்னா பண்ணுன?"

டேப் கதையைச் சொன்னேன். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தான். "மோட்டரு ஓடுதுன்னு கம்ப்யூட்டருக்குத் தாப்பா போட்ட ஒரே மனுசன் நம்ம அப்பாதான்."

பிறகு நாற்காலியை இடது பக்கம் இழுத்துப் போட்டான்.

முதல் மூட்டையைக் கவ்வினான். விடவில்லை. லாரி காத்திருந்தது. இந்த வேகத்தில் லாரி காத்திருக்க முடிந்தது. ஆள்காட்டி விரல் பட்டனிலிருந்து மெல்லக் கழன்றபோது லாரி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. பொத். இரண்டாவதும் பொத். மூன்றாவது டொய்ங்.

"அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது..."

"மூட்டை வருது பாரு. லாரியக் கொண்டா."

கொண்டு போனேன்.

"இன்னும் இப்புடி. ஏய், இன்னும் இப்புடி. சென்னையில என்னாத்த ஓட்டுன நீ?"

அன்றைக்கு ஆறு மூட்டை. நோட்டில் எழுதி வைத்தேன். மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் ஒன்பது. எட்டாவது நாள் நான்கு. அன்று மழை, கை விறைத்துவிட்டது. தினமும் ஏறவில்லை. சில நாள் எனக்கே அலுத்துவிட்டது. டொய்ங்குக்கு நடுவே ஆபீஸ் மெசேஜ் வந்து நிற்கும், நான் லாரியைக் கோட்டை விடுவேன், அவன் திட்டுவான். ஆனாலும் தினம் உட்கார்ந்தான்.

அண்ணிக்கு மட்டும்

நோட்டைப் பார்த்த பிசியோ மேடம், "நல்லது. இனிமே வீட்டுலயும் எடது கையாலேயே எல்லாம் எடுத்துக் குடுங்க சார்" என்றார். அவர் எங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்த சித்தப்பாவுக்கு அண்ணன் இடது கையால் தண்ணீர்ச் சொம்பை நீட்டினான்.

"ஏய்! பீச்சாங்கையாலயா குடுக்குற? வந்த மனுசன் என்னா நெனப்பாரு!"

அம்மா வேண்டுமென்று கத்தவில்லை. ஐம்பது வருடமாக வாயில் இருக்கும் வார்த்தை, தானாக வந்துவிட்டது. சித்தப்பா பரவாயில்லை என்றார். அதற்குள் அண்ணன் வலது கைக்கு மாற்றிவிட்டான். இரண்டு நாள் இடது கை மறுபடி மடியிலேயே கிடந்தது.

நரம்பு, மூளை, பயிற்சி என்று அம்மாவுக்கு நான் வரிசையாக விளக்கினேன். எல்லாவற்றுக்கும் "சரிதான்" என்றார். "அதுக்காக வர்றவங்களுக்கெல்லாம் அந்தக் கையாலயா?" என்றும் கேட்டார்.

அண்ணிதான் முடித்து வைத்தார். "அத்தே, வேற யாருக்கும் வேணாம். எனக்கு மட்டும் அந்தக் கையால குடுக்கட்டும். நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்."

அன்றிலிருந்து வீட்டில் கரண்டி, சீப்பு, போன், வெங்காயம் எல்லாம் அண்ணன் இடது கை வழியாக அண்ணிக்குப் போயின. அண்ணி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அடுப்பில் குழம்பு பொங்கினாலும் நகர மாட்டார். விரல் திறக்கிறவரை நின்று வாங்கிக்கொண்டு, "சட்டி காஞ்சு போச்சு, நல்ல ஆளு" என்று சொல்லிவிட்டு ஓடுவார்.

சாவி

மார்கழிக் கடைசியில் தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்தோம். அண்ணன் வேறு எதையும் கேட்கவில்லை.

"சார், தையில வண்டி ஓட்டலாமா?"

டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "என்ன வண்டி?"

"நெல்லு அறுக்குற மெஷினு."

"இந்த அறுவடைக்கு வேண்டாம். அப்புறம் பாக்கலாம்."

திரும்பும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று போய் முடிவதாக இல்லை. இரண்டு பக்கமும் கதிர் தலைசாய்ந்து நின்றது. அண்ணன் வலது பக்கக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தான், இடது பக்கக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தான். கேட் திறந்ததும் மெஷின்காரருக்கு அவனே போன் போட்டான். "வேற ஆளு அனுப்புங்கண்ணே."

இரண்டு நாள் கழித்து முருகையன் வந்தார். அண்ணனைவிடப் பத்து வயது மூத்த டிரைவர். இருவரும் சேர்ந்து பல வயல்களில் ஓட்டியவர்கள். ஒருவர் ஓட்டுவதை மற்றவர் ஒத்துக்கொண்டதில்லை.

"என்னா செல்வம், ஒடம்பு எப்புடி இருக்கு?"

"இருக்குண்ணே. காலைல கெளப்புனா ரெண்டு தடவ முக்கும். பயந்துராதீங்க. சேத்துல எறக்கும்போது எடது பக்கம் சாயும். அத ஒடிச்சுத் திருப்பாதீங்க, அதுவா வரும்."

"எனக்கே வண்டி சொல்லித் தர்றியா?"

"வண்டி இல்ல. இந்த வண்டிய சொல்றேன்."

அண்ணன் எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். இடது கையால் எடுத்தான். அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்தது. அண்ணி அம்மாவைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

முருகையன் அந்தக் கையைக் கவனித்தார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினார்.

சாவி அவர் கைக்கு மேலே வந்து நின்றது. விரல்கள் திறக்கவில்லை.

"வுடுப்பா. நான் என்னா தூக்கிக்கிட்டா ஓடப் போறேன்?"

"இருங்கண்ணே. வரும்."

அண்ணனின் வலது கை உதவிக்குக் கிளம்பியது. இடுப்புவரை வந்ததை அவனே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பத்து. இருபது. முருகையன் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் கையை இறக்கவில்லை. இருபத்தெட்டில் ஆள்காட்டி விரல் அசைந்தது. முப்பத்தைந்தில் கட்டைவிரல் பிரிந்தது. சாவி விழுந்தது.

"எடது கையால குடுத்துட்டேன். தப்பா நெனக்காதீங்க."

"எந்தக் கையா இருந்தா என்னா. வண்டி கெளம்புனா சரி."

கிளம்பியது. இரண்டு தடவை முக்கிவிட்டுத்தான் கிளம்பியது.

இன்று

இது தை. வடக்குப் பக்க வயல்களில் முருகையன் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் மெஷின் சத்தமும் பதரும் வீட்டுக்குள் வருகின்றன. அண்ணன் ஜன்னலை மூடச் சொல்வதில்லை.

அவன் இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகத் திறக்கின்றன. நடுவிரல் பாதி. மற்ற இரண்டும் இல்லை. சட்டையில் கீழ்ப் பட்டன்கள் இரண்டைப் போட்டுக்கொள்கிறான். கனமானது எதையும் தூக்க முடியாது. ஆறு மாதம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் வரும், ஆனால் மெதுவாக வரும் என்று பிசியோ மேடம் சொல்கிறார்.

மூட்டையில் இதுவரை அதிகபட்சம் முப்பத்தெட்டு. லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்காமல் வைத்திருக்கும்வரை விளையாட்டு ஓடும். நான் மாசியில் சென்னைக்குத் திரும்ப வேண்டும். லாரி ஓட்ட அண்ணி கற்றுக்கொண்டிருக்கிறார். மோசமாக ஓட்டுகிறார்.

இந்த அறுவடையில் அண்ணன் வண்டி ஏறவில்லை. அடுத்து வரும் குறுவை அறுவடைக்கு ஏறுவானா என்று டாக்டர் சொல்லவில்லை. எங்களில் யாரும் இன்னும் கேட்கவில்லை.